மொலிப்டினம் சேர்ந்தால் துரு வராதா?

படகு எஞ்சினைப் பூட்ட மொலிப்டினம் கலந்த அலாய் ஸ்டீல் போல்ட் வாங்கலாமா? துருவே பிடிக்காது என்கிறார்களே! — வாசகர், ஓலைத்தொடுவாய்

வாங்காதீர்கள். 4140 போன்ற அலாய் ஸ்டீலில் மொலிப்டினம் 0.15 முதல் 0.25 சதவீதம்தான், அதுவும் பலத்துக்காகச் சேர்ப்பது. குரோமியமும் 1 சதவீத அளவே என்பதால் உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும். தனி மொலிப்டினத்தாலான போல்ட்டும் வேண்டாம்; அது 2,623 பாகை செல்சியஸ் வரை உருகாது. உலைக்கு ஏற்றது, படகுக்கு வீண் செலவு.

உங்களுக்கு வேண்டியது 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மொலிப்டினம், கடலுப்பு உலோகத்தைக் குழி குழியாக அரிப்பதை வெகுவாகக் குறைக்கும். 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகையில் மொலிப்டினம் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றுபோலவே மினுங்கும். ஆகவே போல்ட் தலையில் ‘ஏ4’ என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். ‘ஏ2’ என்றால் 304 வகை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.