புகையிலைக் கம்பனிகளின் பிரசாரமும் அரச கொள்கையும்: வாதங்களை இனங்காணல்



சென்ற ஆண்டு மாதிரிப் பரீட்சை ஒன்றில், “சிகரெட்டுக்கான வரியை அரசாங்கம் உயர்த்துவது சரியா? காரணம் தருக” என்று கேட்டிருந்தேன். வகுப்பில் நன்றாக எழுதும் ஒரு மாணவன் இப்படி விடை எழுதியிருந்தான்: “சரியன்று. வரியை உயர்த்தினால் கள்ளக்கடத்தல் கூடும், அரசின் வருமானம் குறையும், விவசாயி பாதிக்கப்படுவான், புகைப்பது தனிமனித உரிமை.” வசனப்பிழை இல்லை. நான்கு காரணங்களும் ஒழுங்காக இருந்தன. எங்கே வாசித்தாய் என்று கேட்டேன். “எல்லாரும் சொல்லுறதுதானே சேர்” என்றான்.

எல்லோரும் சொல்லும் அந்த நான்கு காரணங்களை முதலில் சொன்னவர் யார், அவை எந்த அளவுக்கு உண்மை என்பதே இப்பாடம். சுகாதாரம், குடியியல் ஆகிய இரு பாடங்களுக்கும் இது உதவும். பரீட்சைக்கு அப்பாலும் உதவும். புகைக்கும் பழக்கம் பெரும்பாலும் உங்கள் வயதிலேயே தொடங்குகிறது என்பதை மறவாதீர்கள்.

1. அடிப்படை விளக்கம்

ஒரு நிறுவனம் மக்கள் மனத்தில் தன்னைப் பற்றிய நல்லெண்ணத்தை உருவாக்க எடுக்கும் முயற்சி மக்கள் தொடர்பு எனப்படும். சட்டம் இயற்றுவோரிடமும் அதிகாரிகளிடமும் தனக்குச் சாதகமான முடிவைப் பெற முயலும் அமைப்பு அமுக்கக் குழு எனப்படும். மக்களாட்சியில் இவ்விரண்டும் சட்டவிரோதமானவை அல்ல. ஆசிரியர் சங்கமும் மீனவர் சங்கமும் அமுக்கக் குழுக்களே.

அப்படியானால் தவறு எங்கே? இரண்டு இடங்களில். ஒன்று, பேசுபவர் யார் என்பதை மறைத்தல். மற்றது, தமக்குத் தெரிந்த உண்மையைத் தெரியாதது போலக் காட்டுதல். புகையிலைக் கைத்தொழிலின் வரலாற்றில் இவ்விரண்டும் நடந்தன.

2. சந்தேகத்தை விதைத்தல்

புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டென 1950இல் பிரித்தானியாவில் டோல், ஹில் ஆகியோரும் ஐக்கிய அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் ஆகியோரும் ஆய்வுகளை வெளியிட்டனர். 1953 டிசெம்பரில் அமெரிக்க சிகரெட் கம்பனிகளின் தலைவர்கள் நியூயோர்க் பிளாசா ஹோட்டலிற் கூடினர். ஹில் அன்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தின் உதவியைப் பெற்றனர்.

1954 ஜனவரி 4ஆந் திகதி, 400இற்கும் மேற்பட்ட பத்திரிகைகளிற் கம்பனிகளின் கூட்டு விளம்பரம் ஒன்று வெளியானது. புகைப்போருக்கு ஒளிவுமறைவற்ற அறிக்கை என்ற பொருளில் அதன் தலைப்பு அமைந்தது. மக்களின் சுகாதாரமே தமக்கு முதன்மையானது என்றும், நோய்க்கான சான்று முடிவானதன்று என்றும், தாமே ஆய்வுக்குப் பணம் வழங்குவதாகவும் கம்பனிகள் கூறின.

இந்த உத்தியைக் கவனியுங்கள். புகைத்தல் நல்லது என்று அவர்கள் சொல்லவில்லை. இன்னும் உறுதியாகவில்லை என்றே சொன்னார்கள். உறுதியாகவில்லை என்று நம்புபவர் பழக்கத்தை விடமாட்டார். அரசும் சட்டம் இயற்றத் தயங்கும். சந்தேகமே தமது உற்பத்திப் பொருள் என்ற கருத்தை ஒரு சிகரெட் கம்பனியின் 1969ஆம் ஆண்டு உள்ளகக் குறிப்பே வெளிப்படையாகச் சொல்கிறது.

1994 ஏப்பிரலில் ஏழு பெரிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகளின் தலைவர்கள் காங்கிரஸ் உபகுழு முன்னிலையிற் சத்தியஞ் செய்து, நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் பொருள் எனத் தாம் நம்பவில்லை என்றனர். ஆனால் 1998ஆம் ஆண்டு வழக்குகளின் பயனாகப் பகிரங்கமான இலட்சக்கணக்கான உள்ளக ஆவணங்கள், அடிமைப்படுத்தும் தன்மையைக் கம்பனிகள் பல ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்ததைக் காட்டின. 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பனிகள் பொதுமக்களைப் பல தசாப்தங்களாக ஏமாற்றின எனத் தீர்ப்பளித்தார்.

3. முகமூடி அமைப்புகள்

கம்பனி தன் பெயரிற் பேசினால் மக்கள் நம்பமாட்டார்கள். எனவே கடைக்காரர், உணவகக்காரர், புகைப்போர், விவசாயி ஆகியோரின் பெயரிற் பேச அமைப்புகள் உருவாக்கப்பட்டன.

(அ) 1987இற் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரம் உணவகங்களிற் புகைத்தலைத் தடைசெய்தது. உடனே உணவக உரிமையாளர் சங்கம் ஒன்று தோன்றி, வியாபாரம் 30 சதவீதம் வீழ்ந்துவிட்டது என்றது. நகரசபை அதே ஆண்டிற் சட்டத்தைத் தளர்த்தியது. பின்னர் விற்பனை வரிப் பதிவுகளைப் பார்த்தபோது அப்படியொரு வீழ்ச்சி காணப்படவில்லை. அச்சங்கம் புகையிலைக் கைத்தொழிலின் ஏற்பாட்டில் உருவானது என்பதை அதன் தலைவராக இருந்தவரே பின்னர் ஒப்புக்கொண்டார். எனினும் 30 சதவீதம் என்ற கதை வேறு நகரங்களிலும் நீண்டகாலம் எடுத்துக்காட்டப்பட்டது.

(ஆ) 1993இல் ஐக்கிய அமெரிக்காவிற் புகைப்போரின் உரிமைக்கெனத் தேசியக் கூட்டமைப்பு ஒன்று தொடங்கியது. அதற்குப் பணம் கொடுத்தது பிலிப் மொறிஸ் கம்பனி. அதை அமைத்துக் கொடுத்தது ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம்.

(இ) 2010இல் அவுஸ்திரேலியாவிற் சில்லறை வியாபாரிகளின் கூட்டணி என்ற பெயரில், இலச்சினையற்ற சிகரெட் பெட்டிச் சட்டத்துக்கு எதிராக விளம்பரங்கள் வெளியாயின. அவற்றுக்கான பணமும் புகையிலைக் கம்பனிகளிடமிருந்தே வந்தது.

ஞாபகத்திற் கொள்க: ஓர் அமைப்பின் பெயரை வாசித்தவுடன் கேட்கவேண்டிய கேள்வி, இதற்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதாகும்.

4. வரிக்கு எதிரான வாதங்கள்

புகைத்தலைக் குறைப்பதற்கு மிகவும் பயன்தரும் வழி விலை உயர்வே என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கையிற் பணம் குறைந்த இளைஞரையும் வறியவரையும் அது முதலில் தடுக்கிறது. கம்பனிகள் வரியைக் கடுமையாக எதிர்ப்பதற்கும் இதுவே காரணம்.

வாதம் 1: வரி கூடினால் அரசின் வருமானம் குறையும்.

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் விலை 10 சதவீதம் உயர்ந்தால் நுகர்வு ஏறக்குறைய 5 சதவீதம் குறையும் என மதிப்பிடப்பட்டுள்ளது. இதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் பார்ப்போம்.

உயர்வுக்கு முன்: ஒரு சிகரெட்டின் விலை 100 ரூபா, அதில் வரி 60 ரூபா. 100 சிகரெட் விற்றால் வரி வருமானம் 6,000 ரூபா.
உயர்வுக்குப் பின்: விலை 110 ரூபா, வரி 70 ரூபா. விற்பனை 95 சிகரெட். வரி வருமானம் 95 × 70 = 6,650 ரூபா.

விற்பனை குறைந்தது, வருமானம் கூடியது. நுகர்வு வீழும் வேகத்தை விட வரி கூடும் வேகம் அதிகமாக இருப்பதே காரணம். இக்கணக்கை விடைத்தாளில் எழுதினால் உங்கள் விடை தனித்துத் தெரியும்.

வாதம் 2: வரி கூடினால் கள்ளக்கடத்தல் கூடும்.

கள்ளக்கடத்தல் ஓர் உண்மையான பிரச்சினையே. அதை மறுக்க வேண்டாம். ஆனால் கனடாவின் கதையை அறிந்து வைத்திருங்கள். 1990களின் தொடக்கத்திற் கனேடிய சிகரெட்டுகள் வரியின்றி ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகி, எல்லை வழியாக இரகசியமாகத் திரும்பி வந்தன. வரி அதிகம் என்பதே காரணமெனச் சொல்லப்பட்டது. 1994 பெப்ரவரியிற் கனடா வரியைக் குறைத்தது. 2008இல் அந்நாட்டின் இரண்டு பெரிய புகையிலைக் கம்பனிகள், வரி முத்திரையற்ற சிகரெட்டுகளின் விற்பனைக்கு உதவிய குற்றத்தை ஒப்புக்கொண்டு, 100 கோடி கனேடிய டொலருக்கு மேற்பட்ட தொகையைத் தண்டமாகவும் இழப்பீடாகவும் செலுத்த உடன்பட்டன. கள்ளக்கடத்தலைக் காட்டி வரியைக் குறைக்கச் சொன்ன துறைக்குள்ளேயே அக்கடத்தலாற் பயன் பெற்றவர்களும் இருந்தார்கள். கள்ளக்கடத்தலுக்கு மருந்து சுங்கக் கட்டுப்பாடு. வரிக்குறைப்பு அன்று.

வாதம் 3: விவசாயி பாதிக்கப்படுவான்.

உங்களிற் சிலரின் வீட்டிற் புகையிலைத் தோட்டம் இருக்கலாம். யாழ்ப்பாணத்துப் புகையிலையும் சுருட்டும் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டவை. ஆகவே இந்த வாதத்தை ஏளனமாக எழுதாதீர்கள். ஆனால் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பாருங்கள். விவசாயியின் கவலை உண்மையானது. அக்கவலையைக் கம்பனி பயன்படுத்தும் முறை வேறு. 1984இல் உருவான சர்வதேசப் புகையிலைச் செய்கையாளர் சங்கம் புகையிலைக் கம்பனிகளின் பண உதவியுடன் இயங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் பணியை எதிர்க்க அச்சங்கம் பயன்பட்டதை, அந்நிறுவனம் நியமித்த நிபுணர் குழுவின் 2000ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது. விவசாயிக்குத் தேவை மாற்றுப் பயிர், சந்தை, கடன் வசதி என்பன. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 17ஆம் உறுப்புரையும் மாற்று வாழ்வாதாரத்துக்கு உதவுமாறு நாடுகளைக் கேட்கிறது.

வாதம் 4: புகைத்தல் தனிமனித உரிமை.

ஒருவரின் உரிமை மற்றவரின் சுவாசத்தைக் கெடுக்கும் இடத்தில் எல்லை காண்கிறது. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்திற்கும் அதிகமானோர் இறக்கின்றனர். அவர்களிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். மேலும், நிக்கொட்டினுக்கு அடிமையான ஒருவர் சுதந்திரமாகத் தெரிவு செய்கிறார் என்று கூறுவது கடினம்.

5. நீதிமன்றங்களுக்குச் செல்லல்

சட்டம் வந்த பின்னர் வழக்கு வரும். அவுஸ்திரேலியாவின் இலச்சினையற்ற பெட்டிச் சட்டத்தை எதிர்த்த வழக்கை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2012இல் நிராகரித்தது. பிலிப் மொறிஸ் தொடுத்த முதலீட்டு வழக்கும் 2015இல் தள்ளுபடியானது. சிறிய நாடான உருகுவே, பெட்டியின் 80 சதவீதத்தில் எச்சரிக்கை இருக்கவேண்டும் என விதித்தபோது அதன்மீதும் பிலிப் மொறிஸ் 2010இல் வழக்குத் தொடுத்தது. 2016 யூலையில் உருகுவே வென்றது.

எமது நாட்டிலும் இது நடந்தது. 2003இல் இலங்கை புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை ஏற்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உருவாக்கியது. 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்றலையும் விளம்பரத்தையும் அது தடைசெய்தது. 2012இற் பெட்டியின் 80 சதவீதத்தில் உருவப்பட எச்சரிக்கை இடவேண்டும் என விதிகள் வெளியாயின. இலங்கைப் புகையிலைக் கம்பனி வழக்குத் தொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் 50 முதல் 60 சதவீதம் எனத் தீர்ப்பளித்தது. 2015இற் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 சதவீதத்தை நிலைநாட்டியது.

குடியியல் மாணவர் கவனிக்க: நீதிமன்றம் செல்வது கம்பனியின் சட்டபூர்வ உரிமை. சட்டத்தைத் திருத்துவது பாராளுமன்றத்தின் அதிகாரம். வலு வேறாக்கத்துக்கு இது நல்ல உதாரணம். அதேவேளை, புகையிலைக் கம்பனிகளின் வர்த்தக நலனிலிருந்து சுகாதாரக் கொள்கையைப் பாதுகாக்கும் பொறுப்பைச் சமவாயத்தின் 5.3 உறுப்புரை அரசுகளிடம் ஒப்படைக்கிறது.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: “புகைத்தற் கட்டுப்பாட்டால் எமது வியாபாரம் அழியும்” என ஒரு சங்கம் அறிக்கை விடுகிறது. அதை நம்புமுன் நீர் ஆராயும் விடயங்கள் நான்கினை எழுதுக.

விடை:
(i) அச்சங்கத்துக்குப் பணம் வழங்குபவர் யார்?
(ii) கூறப்படும் எண்ணிக்கை எந்தப் பதிவிலிருந்து பெறப்பட்டது? (உதாரணம்: பெவர்லி ஹில்ஸ்)
(iii) முன்னர் இக்கட்டுப்பாடு வந்த இடங்களில் உண்மையில் நடந்தது என்ன?
(iv) பிரச்சினை உண்மையாயின், கட்டுப்பாட்டை நீக்காமல் அதைத் தீர்க்க வேறு வழி உண்டா?

நான்கு விடயங்களை எழுதினாற் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமோ உதாரணமோ சேர்த்தால்தான் முழுப் புள்ளி கிடைக்கும்.

7. இறுதியாக

1954இற் கம்பனிகள் தாமாக விரும்பி விளம்பரம் கொடுத்தன என்று படித்தோம். 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, 2017 நவம்பர் முதல் அவை மீண்டும் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் அறிக்கை வெளியிட நேர்ந்தது. இம்முறை நீதிமன்ற உத்தரவால். புகைத்தல் கொல்லும், நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் என்று அந்த அறிக்கைகள் கூறின. முதல் விளம்பரத்துக்கும் இதற்கும் இடையில் 63 ஆண்டுகள். அந்த இடைவெளியில் “இன்னும் உறுதியாகவில்லை” என்று நம்பிப் புகைத்தவர்கள் எத்தனை பேர்?

நான் சொன்ன மாணவனுக்கு அன்று புள்ளி குறைத்தேன். குற்றம் அவனுடையதன்று. வாதத்தை எடுத்துக் கொண்டான், சொன்னவரை விசாரிக்கவில்லை. அடுத்த பரீட்சையில் அதே வினாவுக்கு மேலே உள்ள கற்பனைக் கணக்கைத் தானாகவே போட்டு விடை எழுதினான். கடைசி வரியில், “எங்கள் ஐயாவும் சுருட்டுக் குடிக்கிறவர், அவருக்கும் இதை வாசித்துக் காட்டினேன்” என்றிருந்தது. அந்த வரிக்குப் புள்ளித்திட்டத்தில் இடமில்லை. ஆனாலும் நான் அடியிற் கோடிட்டுச் சரி போட்டேன்.

நீங்களும் வாசித்துக் காட்டுங்கள்.