மூட்டை கட்டுமுன் முடிக்க வேண்டியவை

பிரயாணம் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? புறப்படும் நாளைவிட, புறப்பட நினைத்து நாள் குறிக்கும் காலத்தில்தான் மனிதனுக்கு மகிழ்ச்சி அதிகம். பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறும்படி அல்லாஹ்வும் தன் திருமறையில் பல இடங்களில் ஏவியிருக்கிறான். ஆனால் பிரயாணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது மனிதனின் ஊணையும் உறக்கத்தையும் தடுத்து விடுகிறது என்றும், வந்த காரியம் முடிந்ததும் வீட்டுக்கு விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. இன்பமும் துன்பமும் ஒரே பையில்தான் கட்டப்படுகின்றன.

சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தம் கல்லூரி நண்பருடன் நம்மிடம் வந்தார். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு இருவருமாக உஸ்பெகிஸ்தான் சென்று பத்து நாட்கள் சுற்றி வரத் திட்டம். தாஷ்கண்ட், ஸமர்கந்து, புகாரா என்று நோட்டுப் புத்தகத்தில் அழகாக எழுதி வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட், விசா, ரயில், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம். செலவுக் கணக்கை மட்டும் நான்கு முறை அடித்து எழுதியிருந்தார்கள். அதிலேயே அவர்கள் பட்ட பாடு தெரிந்தது. "துஆச் செய்யுங்கள் ஹஜரத்" என்றார் இளைஞர். முழுவதையும் புரட்டிப் பார்த்தோம். தொழுகைக்கு ஒரு பக்கமும் இல்லை. கடனுக்கும் ஒரு பக்கமும் இல்லை.

முதற் பக்கம்: பிறர் ஹக்கு

"தம்பி, யாருக்காவது தரவேண்டியது உண்டா?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமலிருந்து விட்டு, "அக்கா நகை அடகில் இருக்கிறது. என் படிப்புக்காக வைத்தது. ஆனால் அக்கா கேட்கவே இல்லை" என்றார்.

அருமை வாசகர்களே! கேட்காததால் கடன் இல்லாமல் போய்விடுமா? தவணை வந்துவிட்ட கடனை அடைக்க வசதி உள்ளவர், கடன் கொடுத்தவரின் சம்மதமின்றிப் பிரயாணம் செய்யலாகாது என்று ஃபுகஹாக்கள் எழுதி வைத்துள்ளார்கள். அந்தச் சம்மதமும் வெட்கத்துக்காகத் தலையசைப்பதாக இல்லாமல், மனம் ஒப்பியதாக இருக்க வேண்டும். பயணத்துக்குப் பணம் சேர்ந்திருக்கிறது என்றால் அடைக்க வசதி இருக்கிறது என்றுதானே பொருள்! உடனே கொடுக்க வேண்டாத கடனையும், தம்மிடமுள்ள அமானிதங்களையும் வஸிய்யத்தாக எழுதி வைத்துவிட்டே கிளம்ப வேண்டும்.

அடுத்து, பெற்றோரின் பொருத்தம். இந்த இளைஞர்கள் காணத் துடிக்கும் புகாராவில் ஹிஜ்ரி 194இல் பிறந்தவர்கள்தாம் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள். பதினாறாம் வயதில் தம் தாயாருடனும் சகோதரருடனும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டதே அவர்களுடைய நெடும் பிரயாணத்தின் தொடக்கம். ஹஜ்ஜு முடிந்து அவர்கள் கல்வி தேட அங்கேயே தங்கினார்கள். ஹிஜ்ரி 256இல் வஃபாத்தாகி, ஸமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தங்கில் அடங்கியிருக்கிறார்கள். அவர்களை ஸியாரத் செய்யப் போகிறவர் தாயின் கண்ணீரின்மேல் காலடி வைத்துப் போகலாமா?

இரண்டாம் பக்கம்: தொழுகை

வந்த இருவரில் ஒருவர் ஹனஃபி, மற்றவர் ஷாஃபிஈ. ஆகவே சட்டத்தை இருவருக்கும் பிரித்தே சொன்னோம்.

ஊரின் எல்லையைத் தாண்டியதும் ளுஹர், அஸர், இஷா ஆகிய மூன்றையும் இரண்டு ரக்அத்தாகச் சுருக்கும் கஸ்ர் தொடங்குகிறது. திருமறையின் 4:101ஆம் வசனம் இதற்கு ஆதாரம். ஸுப்ஹுக்கும் மஃரிபுக்கும் சுருக்கம் இல்லை. ஹனஃபி மத்ஹபில் கஸ்ர் வாஜிபு. ஷாஃபிஈ மத்ஹபில் சலுகை.

ஓரூரில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத் வைத்தால்தான் ஹனஃபி முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈயோ, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தாலே முகீம் ஆகிவிடுவார். இவர்களின் நோட்டுப்படி ஸமர்கந்தில் மூன்று முழு நாட்கள், புகாராவில் நான்கு. எனவே ஸமர்கந்தில் இருவரும் கஸ்ர். புகாராவிலோ ஒரே அறையில் ஒருவருக்கு இரண்டு, மற்றவருக்கு நான்கு! இதில் குழப்பம் வேண்டாம். ஷாஃபிஈ இமாமாக நின்றால் ஹனஃபி அவரைப் பின்பற்றி நான்கும் தொழ வேண்டும். ஹனஃபி இமாமாக நின்றால் அவர் இரண்டில் ஸலாம் கொடுத்ததும் ஷாஃபிஈ எழுந்து மீதியை நிறைவு செய்ய வேண்டும்.

வழியில் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் ஜம்உ ஷாஃபிஈக்கு உண்டு. பின்னதில் சேர்ப்பதானால் முன்னதன் வக்து முடியுமுன் அந்த நிய்யத் இருப்பது அவசியம். ஹனஃபிக்கு அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் ஹஜ்ஜின்போது தவிர ஜம்உ இல்லை. ளுஹரை அதன் கடைசி வக்திலும் அஸரை அதன் முதல் வக்திலும் தொழுதுகொள்வது அவருக்குச் சௌகரியம். ஆகவே ரயில் சீட்டு எடுக்குமுன் தொழுகை நேர அட்டவணையைப் பாருங்கள். அங்கே கோடையில் இஷா இரவு ஒன்பதரைக்கு மேல் வரும். நடந்து களைத்தவர் அதற்கு முன்பே உறங்கிவிட்டால் இஷா களாவாகும்.

மூன்றாம் பக்கம்: சிறு சாமான்கள்

மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு அங்கே கிப்லா தென்மேற்காக இருக்கும். விசாரிக்காமல் தக்பீர் கட்ட வேண்டாம். தூய்மைக்கு ஒரு காலிப் போத்தல், ஒரு மெல்லிய முஸல்லா போதும். முழு உளூவுடன் அணிந்த தோலுறையின்மீது முஸாபிர் மூன்று பகலும் மூன்று இரவும் மஸஹு செய்யலாம். குளிர் காலத்தில் இது பெரிய உபகாரம். சாதாரண நூல் காலுறைக்கு இச்சட்டம் பொருந்தாது.

அந்நாட்டில் குதிரை இறைச்சியில் செய்யும் 'கஸீ' விருந்தினர் தட்டில் வரும். ஷாஃபிஈ மத்ஹபில் அது ஹலால்; இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் மக்ரூஹ். உண்ணாதவர் உண்பவரை ஏச வேண்டாம்.

பிரயாணத்தில் நட்பு முறிவது பெரும்பாலும் பணத்தாலும் பசியாலும்தான். மூவர் சென்றால் ஒருவரை அமீராக்கிக் கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இருவராயினும் பணப்பை யாரிடம், முடிவு யாருடையது என்று முன்பே மஷ்வரா செய்துகொள்ளட்டும்.

இத்தனையும் கேட்டுவிட்டு நோட்டை மூடிக்கொண்டு போனார் இளைஞர். கோடையில் போகவில்லை. சேர்த்த பணத்தில் முதலில் நகை மீண்டது. பயணம் ஐப்பசிக்குத் தள்ளிப்போனது. புறப்படும் அன்று வழியனுப்ப வந்த அக்காவின் கழுத்தில் அந்தச் சங்கிலி கிடந்தது. அவர் மனம் குளிர்ந்து செய்த துஆவைவிடச் சிறந்த வழித்துணை எது?

வழிப்பொருட்களில் மிகச் சிறந்தது இறையச்சமே என்று அல்பகரா அத்தியாயம் அறிவிக்கிறது. பையில் எதை வைத்தாலும் அதை மறக்காமல் வைப்போமாக! அல்லாஹுத்தஆலா நம் பிரயாணங்களை அவன் பொருத்தத்துக்குரியவையாக ஆக்கி, ஸலாமத்தாக நம் வீடு திரும்பச் செய்வானாக! ஆமீன்.