சொந்த இடம்தானே என்று இருந்துவிடலாமா?
திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்கு அனுமதியும் பாதுகாப்பும்

மே 5 வணிகர் தினம், சங்கத்தின் ஆண்டு விழா, ஊர்த் திருவிழாவில் நம் மண்டகப்படி, கடைக்கு வெள்ளி விழா என்று ஏதாவது ஒரு விசேஷம் வந்துவிட்டால், "ஒரு இன்னிசைக் கச்சேரி வைத்தால் என்ன?" என்று கூட்டத்தில் ஒருவராவது எழுந்து கேட்பார். மண்டப வாடகை கட்டுப்படியாகாது. உறுப்பினர் ஒருவருக்குக் காலி மனை இருக்கும். இல்லாவிட்டால் குடோனுக்குப் பின்னால் திடல் இருக்கும். "சொந்த இடம்தானே, யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும்?" என்று பேசி முடித்துவிடுவோம்.

அப்படிப் பேசியவர்களில் நாமும் ஒருவர். பேசி, பட்டு, தெளிந்த பிறகே இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடோன் திடலில் கச்சேரி வைத்தோம். பிற்பகலில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேடைக்கு இரும்புக் குழாய் நட்டிருந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த வயரில் ஒட்டுப் போட்ட இடம் ஈரத் தரையில் குழாயை ஒட்டிக் கிடந்தது. எங்களிடம் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் நாற்காலி எடுத்துப் போடும்போது குழாயில் கை வைத்தார். கை ஒட்டிக்கொண்டது. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றவர் சமயோசிதமாக அதை நிறுத்தியதால் உயிர் தப்பினார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

விசாரிக்க வந்த காவல்துறை அதிகாரி முதலில் கேட்டது அனுமதிக் கடிதத்தை. எங்களிடம் இல்லை. ஆனால் எங்களைத் தலை குனிய வைத்தது அவர் கேள்வி அல்ல. தொழிலாளியின் மனைவி கடை வாசலில் நின்று, "முதலாளி, சாக்கு தைக்கிற ஊசிக்குக்கூடக் கணக்கு வச்சிருக்கீங்க. அந்த வயரை ஒருத்தரும் பார்க்கலையா?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் கீழே பாடமாக வைத்திருக்கிறோம்.

1. நிலம் நம்முடையது, ஒலி நம்முடையது அல்ல

நம் வேலிக்குள் நாற்காலி போட யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் ஒலிபெருக்கியின் சத்தம் வேலியோடு நிற்பதில்லை. அதனால்தான் மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளைக் கொண்டுவந்தது. இந்த விதிகளின்படி, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது அதற்கென அதிகாரம் பெற்ற, துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி அனுமதி தர வேண்டும். நடைமுறையில் நம் பகுதிக் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் அது மேலே போகும். "ஏட்டையாவிடம் சொல்லியாகிவிட்டது" என்பது அனுமதி ஆகாது.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மேற்படாமல் இரவு 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு மட்டும் அதிகாரம் உண்டு. அந்த நாட்களை அரசு அறிவிக்க வேண்டும். நம் வேண்டுகோளுக்காகக் காவல் நிலையம் தளர்த்த முடியாது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இரவு நேரத் தடையை வலியுறுத்தித் தீர்ப்பு வழங்கியிருக்கிறது. ஆகவே அழைப்பிதழிலேயே "மாலை 6 முதல் 9.30 வரை" என்று அச்சிட்டுவிடுங்கள். பாடகர் தாமதமாக வந்தாலும் முடியும் நேரம் மாறக் கூடாது.

அடுத்து அளவு. பகல் நேரத்தில் (காலை 6 முதல் இரவு 10 வரை) குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65, தொழிற்பகுதிக்கு 75 என்று வரையறை உண்டு. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம், அங்கே 50தான். தனியார் இடத்தில் ஒலிக்கருவி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் அளக்கும்போது இந்த வரையறைக்கு மேல் 5 டெசிபல் வரைதான் போகலாம். அதாவது வீடுகளுக்கு நடுவே உள்ள மனை என்றால் வேலி ஓரத்தில் 60.

இந்தக் கணக்கு நம் தராசுக் கணக்கு அல்ல. 55 கிலோவுக்கும் 65 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் 10 கிலோ. 55 டெசிபலுக்கும் 65 டெசிபலுக்கும் இடையே ஒலியின் ஆற்றல் 10 மடங்கு கூடிவிடுகிறது. 75 என்றால் 100 மடங்கு. "கொஞ்சம்தானே ஏற்றினோம்" என்று மைக் செட்காரர் சொல்வது பக்கத்து வீட்டு நோயாளிக்குக் கொஞ்சம் அல்ல. உயரமாக அடுக்கிய இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் பதில், சிறு பெட்டிகளைக் கூட்டத்தின் நடுவே பல இடத்தில் வைத்து, கூட்டத்தைப் பார்த்துத் தாழ்த்தித் திருப்பச் சொல்லுங்கள். கேட்க வந்தவருக்கும் கேட்கும். வேலிக்கு வெளியேயும் அடங்கும். கூம்புக் குழாய் வேண்டவே வேண்டாம்.

மீறினால் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986 பாயும். 2024 ஏப்ரல் முதல் இச்சட்டப்படி குறைந்தது 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

2. மனுவில் என்ன எழுதுவது?

ஒரு மாதம் முன்பே மனுவைத் தயார் செய்யுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

அ) நிகழ்ச்சி நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம்.
ஆ) இடத்தின் சர்வே எண், உரிமையாளரின் ஒப்புதல் கடிதம். உறுப்பினர் இடம் என்றாலும் வாய்ச்சொல் போதாது.
இ) எதிர்பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை. குறைத்துக் காட்ட வேண்டாம். பின்னால் அதுவே நமக்கு எதிரான சாட்சி ஆகும்.
ஈ) மேடை, வாசல், ஜெனரேட்டர், வாகனம் நிறுத்தும் இடம் காட்டும் வரைபடம். கையால் போட்டால் போதும், அளவு சரியாக இருக்க வேண்டும்.
உ) பொறுப்பாளர் இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

இதன் நகல்களை உள்ளாட்சி அலுவலகம், தீயணைப்பு நிலையம், மின்வாரியம் ஆகிய இடங்களிலும் கொடுத்து, அவர்கள் கேட்கும் சான்றைப் பெறுங்கள். ஒவ்வொரு இடத்திலும் முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். சரக்கு அனுப்பிவிட்டு லாரி ரசீது வாங்காமல் வருவோமா? அப்படித்தான் இதுவும்.

சட்டம் கேட்காவிட்டாலும் இன்னொரு வேலை உண்டு. இடத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு இரண்டு பேர் நேரில் போய் நேரத்தைச் சொல்லி அழைப்பிதழ் கொடுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும், கைக்குழந்தை இருக்கும். அவர்கள் எல்லாரும் நம் வாடிக்கையாளர்கள்தான்.

3. எத்தனை பேர் கொள்ளும்?

2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூரில், தனியார் இடத்தில் ஏ.ஆர்.ரகுமானின் இசை நிகழ்ச்சி நடந்தது. டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் சிக்கித் தவித்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையே திணறியது. புகழ் பெற்ற கலைஞர், பெரிய ஏற்பாடு. ஆனாலும் ஆள் கணக்கும் வழிக் கணக்கும் தவறினால் இதுதான் நிலை. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டம் ஒன்றில் நெரிசலில் 41 உயிர் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது இசை நிகழ்ச்சி அல்ல. ஆனால் நெரிசலுக்கு அரசியலும் தெரியாது, சங்கீதமும் தெரியாது.

நாங்கள் இப்போது போடும் கணக்கு இது. 30 சென்ட் மனை என்றால் சுமார் 1,200 சதுர மீட்டர். மேடை, ஜெனரேட்டர், நடைவழி, தண்ணீர்ப் பந்தல் இவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு, 400 சதுர மீட்டரைக் கழித்துவிடுகிறோம். மீதி 800-இல் நாற்காலி ஒன்றுக்கு ஒரு சதுர மீட்டர் வீதம் 800 பேர். அழைப்பிதழும் அந்த அளவுக்குத்தான் அச்சடிக்கிறோம். நிற்பவர்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேர் என்று நெருங்கிவிட்டால் யாரும் தன் விருப்பப்படி காலை எடுத்து வைக்க முடியாது. அப்போது ஒருவர் தடுக்கி விழுந்தால் போதும்.

வாசல் இரண்டாவது வேண்டும். வெவ்வேறு பக்கத்தில் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். "கூட்டம் தள்ளுகிறது" என்று பின் வாசலைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போகிறவர் நம்மில் உண்டு. நிகழ்ச்சி முடியும் வரை வாசலில் பூட்டே இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை வரிசையாகக் கயிற்றால் பிணைத்துவிட்டால் வழியில் சரிந்து காலைத் தட்டாது. ஆம்புலன்ஸ் வரும் வழியில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது, தலைவர் காராக இருந்தாலும் சரி.

4. பந்தலும் நெருப்பும்

1997 ஜூன் மாதம் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை எரிந்து மணமகன் உட்பட ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டும் மங்கல நாட்கள். இரண்டிலும் மேலே தீ, கீழே தப்பிக்க வழி போதாத கூட்டம்.

தற்காலிகப் பந்தலுக்கென்றே ஐ.எஸ். 8758 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. பந்தல்காரரிடம் அதைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சாராம்சம் இதுதான்: கூரை 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடாது. அவை உருகிச் சொட்டித் தலையில் விழும். மின்கம்பிக்குக் கீழே பந்தல் கூடாது. இவற்றோடு நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியவை: கீற்று வேண்டாம். பந்தலுக்கு அருகில் பட்டாசு வேண்டாம். சமையல் அடுப்பும் கேஸ் சிலிண்டரும் பந்தலை விட்டுத் தள்ளி இருக்கட்டும். ஜெனரேட்டர் ஓடும்போது டீசல் ஊற்றக் கூடாது. மணல் வாளியும் தீயணைப்பானும் மேடைக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று என வைத்து, அதை இயக்கத் தெரிந்த ஆளையும் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.

5. மின்சாரம்

எங்களைச் சுட்ட பாடம் இது. மின்வாரியத்தில் பணம் கட்டித் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். வீட்டு இணைப்பிலிருந்தும் கடை இணைப்பிலிருந்தும் வயர் இழுக்காதீர்கள். கம்பியில் கொக்கி போடுவது திருட்டு. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் வேலை செய்ய வேண்டும்.

ஜெனரேட்டருக்கும் இரும்பு மேடைக்கும் எர்த் கட்டாயம். வயர் ஒட்டில்லாமல் முழு நீளமாக, ஆள் கால் படாத உயரத்தில் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. பொருத்த வேண்டும். இது வேலை செய்யும் விதம் நமக்கு எளிதில் புரியும். போகும் வயரில் எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவும் திரும்பும் வயரில் வந்தாக வேண்டும். வரவும் பற்றும் இடிக்கிறது என்றால் நடுவில் எங்கோ கசிகிறது. ஒருவேளை ஒரு மனிதர் உடம்பு வழியாகவே கசியலாம். அந்தப் பெட்டி கணக்கு இடித்த மறுகணமே இணைப்பை அறுத்துவிடும். அன்று எங்கள் திடலில் அது இருந்திருந்தால் மூன்று வார ஆஸ்பத்திரி வாசம் இல்லை. அதன் விலை எங்களுக்கு ஒரு மூட்டை பருப்பின் விலைகூட இல்லை.

அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். கச்சேரிக்கு முன் அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மேடைக்கு விளக்கே எரியக் கூடாது. மழை வந்தால் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எலக்ட்ரீஷியன் "நிறுத்து" என்றால் தலைவரும் மறுக்கக் கூடாது.

6. பாட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி சினிமாப் பாட்டைப் பொது நிகழ்ச்சியில் பாடவோ ஒலிபரப்பவோ உரிமைதாரரின் அனுமதி வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் இதற்கு உரிமம் தரும் சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். உண்மையான சமயச் சடங்குக்கும், திருமண ஊர்வலம் முதலிய திருமணக் கொண்டாட்டத்துக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. கடை விளம்பரத்துக்கும் சங்க விழாவுக்கும் அந்த விலக்கை நீட்டிப் பார்க்க வேண்டாம். டிக்கெட் வைத்தால் கேளிக்கை வரி, ஜி.எஸ்.டி. கேள்விகள் வரும், ஆடிட்டரைக் கேட்டுவிட்டு அச்சகத்துக்குப் போங்கள்.

முடிவாக

"இத்தனை கடுதாசியா?" என்று சலிப்பு வரும். உணவுப் பாதுகாப்பு, எடை முத்திரை, ஜி.எஸ்.டி. என்று ஏற்கெனவே சுமக்கிறோம்; உண்மைதான். ஆனால் அலட்சியத்தால் உயிர் போனால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. இடம் கொடுத்தவரும் ஏற்பாடு செய்தவரும் விசாரணைக்குப் போய் நிற்க வேண்டும். வந்தவர்களுக்கு நேரும் விபத்துக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுக்க வழி இருக்கிறது, எடுத்துவிடுங்கள். ஆனால் காப்பீடு பணம்தான் தரும்.

அந்தத் தொழிலாளி இன்றும் எங்கள் குடோனுக்கு வருகிறார். வலது உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. சென்ற விழாவுக்கு முன் பொத்தானை அழுத்திப் பார்க்கும் வேலையை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று முறை அழுத்தினார். மூன்று முறையும் விழுந்தது. பிறகுதான் மைக்கை எடுக்கச் சொன்னோம்.