படுத்தால் தணிகிற வலி



மார்பகம், நுரையீரல், ப்ராஸ்டேட் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால், முதுகெலும்பில்தான் அதிகமாய்த் தங்குகிறது. இப்படிப்பட்ட வியாதியஸ்தர் முதுகு வலிக்கிறது என்று சொன்னால், "எவ்வளவு வலி?" என்பதோடு "எப்போது வலிக்கிறது?" என்றும் நாங்கள் தவறாமல் கேட்கிறோம்.

இராத்திரியிலும் விடியற்காலையிலும், அசையாமல் படுத்திருக்கும்போதே குடைகிற வலி பெரும்பாலும் கட்டியினால் வருவது. ஸ்டீராய்டு மருந்துக்கும் கதிர் சிகிச்சைக்கும் அது பல வேளைகளில் அடங்கும். எழும்போதும் நிற்கும்போதும் சுரீரென்று வந்து, படுத்தால் தணிகிற வலியோ வேறு. அரிக்கப்பட்ட எலும்பு உடலின் பாரத்தைத் தாங்க முடியாமல் தவிப்பதற்கு அது அடையாளம். கரையான் அரித்த தூணுக்கு மருந்தடித்தால் கரையான் சாகும், தூண் பலப்படுமா? திருகும் கம்பியும் வைத்தோ, எலும்புச் சிமெண்டு செலுத்தியோ முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கலாம்.

இதைக் கணிக்க நிபுணர்களின் சர்வதேசக் குழு ஒன்று 2010-ம் ஆண்டில் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. நோயுள்ள இடம், வலியின் தன்மை, எலும்பு அரிந்ததா இறுகியதா, வரிசை விலகியதா, நசுங்கியதா, பின்பக்க மூட்டுகள் கெட்டனவா என்று ஆறு காரியங்கள், மொத்தம் 18. 6 வரை உறுதி. 13 முதல் நிலையற்றது. இடைப்பட்டது சந்தேகம், 7 வந்தாலே அறுவை சிகிச்சை நிபுணரைக் கேட்க வேண்டும்.

மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சேருமிடத்தில் நோய் (3), அசைந்தால் வலி (3), அரித்த எலும்பு (2), பாதிக்கும் குறைவான நசுங்கல் (2): ஆக 10. அதே அரிப்பும் நசுங்கலும் விலா எலும்புகள் தாங்கும் நடுமுதுகில் இருந்து (1), வலி அசைவினால் வராததானால் (1), 6 மட்டுமே. மற்றவற்றுக்கு ஸ்கேன் வேண்டும். வலியை அறியக் கட்டிலருகே ஒரு நாற்காலி போதும். ஆனால் அவசரப்பட்டுக் கேட்டால் சரியான பதில் வராது.

தண்டுவடம் நசுங்குகிறதா என்பதை இந்த மதிப்பெண் சொல்லாது. கால் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே மருத்துவமனை சேர வேண்டும்.

உங்கள் சபையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவர், எழும்போது முதுகு வலிக்கிறது என்றால், வாயுப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடாதேயுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; படுத்தால் தணிகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.