மெடிக்கல் கவுன்சலிங்: இந்த ஜூனில் யாரிடம் கேட்பது?

நீட் முடிவு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் வீடுகளுக்கு முதல் செய்தி: காத்திருக்காதீர்கள். 2025இல் நீட் முடிவு ஜூன் 14ஆம் தேதி வந்தது; தமிழ்நாட்டு எம்பிபிஎஸ் விண்ணப்பம் ஜூன் 6ஆம் தேதியே திறந்துவிட்டது. முடிவு வந்த பிறகு சான்றிதழுக்கு அலைந்தவர்கள் கடைசி நாளில் இ-சேவை மையத்தில் சர்வர் வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த வாரமே வாங்க வேண்டியது ஓபிசி சான்று. நம் கையில் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்று மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லும். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களில் 27 சதவீத ஓபிசி ஒதுக்கீடு கேட்க வேண்டுமானால், மத்திய அரசு படிவத்தில், கிரீமிலேயரில் வராதவர் என்று குறிப்பிட்டு, நடப்பு நிதியாண்டில் வாங்கிய சான்று வேண்டும். பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கான சான்றைப் பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள். 2020இல் வந்த சட்டம் இது. இதில் இடம் கிடைப்பவர்களின் கட்டணத்தை, சுயநிதிக் கல்லூரியாக இருந்தாலும், அரசே ஏற்கிறது. நடுவில் இரண்டு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றியிருந்தால் கதை வேறு. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? சொந்தத்தில் ஒரு டாக்டர் மாமா இருப்பார். அவரிடம் கேட்பதில் தவறில்லை, ஆனால் அவர் எந்த வருடம் சேர்ந்தார் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். 1984 முதல் 2006 வரை மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். 2017 முதல் நீட். படிப்பு எப்படி இருக்கும், மேற்படிப்புக்கு எது நல்லது என்பதற்கு மாமாதான் சரி. கவுன்சலிங்குக்கு, போன வருடமோ அதற்கு முந்தைய வருடமோ அதைக் கடந்து வந்த பிள்ளைகள்தான் சரி. சென்னை நூம்பலில் இருக்கும் நமக்கு அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் வேலப்பன்சாவடியில் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு டீ குடிக்கும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே சொல்வார்கள்.

ஆனால் அவர்கள் கடந்து வந்த வழி எது என்பதையும் கேட்க வேண்டும். நம் ஏரியாவில் நிறைய பேர் வழுக்குவது இங்கேதான். வேலப்பன்சாவடி ஏசிஎஸ் மருத்துவக் கல்லூரி, மதுரவாயலில் இருக்கும் டாக்டர் எம்ஜிஆர் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது; அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தண்டலம் சவீதாவும் போரூர் ராமச்சந்திராவும் அப்படியே. இவற்றின் எல்லா இடங்களும் டெல்லியில் உள்ள மருத்துவ கவுன்சலிங் கமிட்டியின் (எம்சிசி) கவுன்சலிங் வழியாக மட்டுமே நிரம்பும். 7.5 சதவீதமோ மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீடோ அங்கே கிடையாது. கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டைப் பக்கம் இருக்கும் பனிமலர், மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் இருக்கும் முத்துக்குமரன் ஆகியவை சுயநிதிக் கல்லூரிகள். கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை. அவற்றின் அரசு ஒதுக்கீடு, மேனேஜ்மென்ட் ஒதுக்கீடு இரண்டையும் நிரப்புவது கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மாநிலத் தேர்வுக் குழு. இரண்டு இடத்திலும் எம்ஜிஆர் பெயர் இருப்பதால் ஒரே விண்ணப்பம் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். போதாது. தனித்தனி விண்ணப்பம், தனித்தனிப் பணம். எம்சிசியில் நிகர்நிலை இடங்களுக்குப் பதிவு செய்யத் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை மட்டுமே இரண்டு லட்சம்.

ஆகவே மாநில கவுன்சலிங் பற்றிக் கேட்க, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ கீழ்ப்பாக்கத்திலோ ஸ்டான்லியிலோ படிக்கும் பிள்ளையைத் தேடுங்கள். அதோடு தேர்வுக் குழுவின் தகவல் கையேட்டைப் பொறுமையாக ஒருமுறை படித்துவிடுங்கள். அதையும் மீறிச் சந்தேகம் இருந்தால், வேலப்பன்சாவடியில் பஸ் ஏறினால் அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் அந்த அலுவலகம் இருக்கிறது.

நல்ல ஆலோசகரை எப்படி அடையாளம் காண்பது? அவர் பேசுவதைவிட அவர் கேட்பதைக் கவனியுங்கள். "மார்க் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கல்லூரிப் பெயர்களை அடுக்குகிறவரிடம் நேரத்தை வீணாக்காதீர்கள். 2024இல் திருத்திய முடிவிலும் 17 பேர் 720க்கு 720 வாங்கியிருந்தார்கள். 2025இல் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686தான். அந்த ஜூனில் 2024 கட்-ஆஃபை வைத்துக்கொண்டு, கிடைக்க வேண்டிய இடம் கிடைக்காது என்று பெற்றோரைப் பயமுறுத்தியவர்கள் எத்தனையோ பேர். ரேங்க் என்ன, எந்த வகுப்பு, எந்த ஒதுக்கீடு, எங்கே படித்தது, ஐந்தரை வருடத்துக்கு வீட்டில் எவ்வளவு முடியும் என்று கேட்கிறவர் விஷயம் தெரிந்தவர். முந்தைய ஆண்டின் ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் பிரிவில் கடைசி இடம் எந்த ரேங்கில் முடிந்தது என்ற பட்டியலை எடுத்து உங்களோடு உட்கார்ந்தால், அவரை விடாதீர்கள்.

சாய்ஸ் ஃபில்லிங்கில் ஒரே விதி: பிடித்த கல்லூரி மேலே. "கிடைக்காது" என்று நினைத்துக் கீழே தள்ள வேண்டாம். மேலே போடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை. சேர மனமில்லாத கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். எம்சிசியில் முதல் சுற்றில் கிடைத்த இடத்தை அபராதம் இல்லாமல் விட்டுவிடலாம். இரண்டாம் சுற்றிலிருந்து வைப்புத்தொகை போகும்.

கோச்சிங் சென்டர்கள் பரீட்சையை நன்றாக அறிந்தவை. கவுன்சலிங் ஆலோசனை தருகிறார்கள் என்றால், கல்லூரிகளோடு ஏதாவது ஏற்பாடு உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "மேனேஜ்மென்ட் சீட், நேரடி அட்மிஷன், அட்வான்ஸ் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்துவிடுங்கள். மேனேஜ்மென்ட், என்ஆர்ஐ உட்பட எல்லா எம்பிபிஎஸ் இடமும் கவுன்சலிங் வழியாகத்தான் நிரம்புகிறது.

வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பும் ஏஜென்ட்டிடம் கேட்க நான்கு கேள்விகள் போதும். படிப்பு 54 மாதத்துக்குக் குறையாததா? அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப் உண்டா? பாடம் ஆங்கிலத்தில்தானா? அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்ய முடியுமா? 2021 விதிகளின்படி இவற்றில் ஒன்று இல்லை என்றாலும், படித்துவிட்டு வந்து இங்கே தொழில் செய்ய முடியாது. நீட் தகுதியும் கட்டாயம்.

படிப்பு வழிகாட்டலுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது. முடிவு நாளில் பிள்ளை சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டால் கட்-ஆஃப் பேச்சை நிறுத்திவிட்டு 104க்குப் போன் செய்யுங்கள். நீட் எழுதிய பிள்ளைகளோடு பேச அங்கே மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.