"நேற்று" என்றால் எந்த ஊர் நேற்று?

மலேசியாவின் கூலாய் மாவட்டத்தில் செடெனாக் பக்கம் டேட்டா சென்டர்கள் அடுத்தடுத்து எழும்புகின்றன. வேலை இருக்கிறது, போட்டியும் இருக்கிறது. எஸ்கியூஎல் தெரியும் என்று எல்லாருடைய ரெஸ்யூமேயும் சொல்கிறது. "நேற்று வந்த அலாரம் எத்தனை?" என்று இன்டர்வியூவில் கேட்டால் உடனே குவெரியில் கை வைக்காதீர்கள். "எந்த ஊர் நேரப்படி நேற்று?" என்று திருப்பிக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் என்பது அங்கேயே பதிந்துவிடும்.

1. எட்டு மணி நேரத்தை மறக்காதீர்கள். சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னே. மார்ச் 1 நள்ளிரவு முதல் காலை 8 வரை கூலாயில் நடந்ததெல்லாம் யூடிசியில் பிப்ரவரிக் கணக்கு. தேதியை மட்டும் பார்த்து ரிப்போர்ட் எடுத்தால், நைட் ஷிஃப்ட்காரரின் உழைப்பு போன மாதத்தில் போய் விழும். திட்டு உங்களுக்குத்தான்.

2. ரோவை மாற்றாதீர்கள், எல்லையை மாற்றுங்கள். 2025 மார்ச் 1 வேண்டுமா? பிப்ரவரி 28 யூடிசி 16:00 முதல், மார்ச் 1 யூடிசி 16:00-க்கு முன்பு வரை என்று கேளுங்கள். ஒவ்வொரு ரோவிலும் நேரத்தை மாற்றி ஒப்பிட்டால் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது; கோடி ரோ உள்ள டேபிளில் குவெரி நொண்டும். பிட்வீன் போடாதீர்கள், அது கடைசிக் கணத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

3. போஸ்ட்கிரெஸின் டைம்ஸ்டாம்ப்டிஇசட் டைப் டைம் ஸோனைச் சேமிப்பதில்லை. உள்ளே யூடிசி, காட்டுவது உங்கள் செஷன் நேரத்தில். ஒரே ரோ உங்களுக்கு 10 மணி, சென்னை டீமுக்கு 7:30. இரண்டும் சரி. ரிப்போர்ட் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே செஷன் ஸோனைக் குறித்துவிடுங்கள்.

4. மைஎஸ்கியூஎல்லில் ஸோன் டேபிள்களை லோட் செய்யாவிட்டால், ஸோன் பெயரைக் கொடுத்து நேரம் மாற்றும்போது நல் வரும். புது சர்வரில் முதலில் இதைச் சோதியுங்கள்.

5. ஸோனைப் பெயரால் எழுதுங்கள்: ஆசியா/கோலாலம்பூர். போஸ்ட்கிரெஸில் ஸோன் பெயர் கேட்கும் இடத்தில் 'யூடிசி+8' என்று கொடுத்தால் கிரீன்விச்சுக்கு மேற்கே 8 மணி என்று எடுத்துக்கொள்ளும். 16 மணி நேரம் பிசகும். இன்சூரன்ஸ், பென்ஷன் மாதிரி பழைய ரெக்கார்டுகளைத் தொடுகிறவருக்குப் பெயரால் எழுதுவது இன்னும் முக்கியம். தீபகற்ப மலேசியா 1981 முடியும்வரை யூடிசியைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னே இருந்தது. டிசம்பர் 31 இரவு 11:30-க்குக் கடிகாரம் நேராக 12-க்குத் தாண்டியது. 8 என்று கையால் கூட்டினால் அதற்கு முந்தைய நேரமெல்லாம் அரை மணி தப்பும். பெயர் கொடுத்தால் டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும்.