ஃபார்மட் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

கணினி மெதுவாகிவிட்டது. திரை நீலமாகி நின்றுவிட்டது. பிரிண்டர் அசைய மறுக்கிறது. புகார் எதுவானாலும் சர்வீஸ் கடையில் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது, “ஒரு ஃபார்மட் போட்டுடலாம் சார்” என்பதுதான். நாமும் சரியென்று தலையாட்டிவிடுகிறோம். வீட்டுக் கணினியில் காசு கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காதது ஒன்றே ஒன்று: அதற்குள் நாம் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகள். மதர்போர்டு போனால் வேறு வாங்கலாம். மறைந்துபோன பாட்டியின் குரல் பதிவை எந்தக் கடையில் வாங்குவது? கணினிப் பராமரிப்பு பற்றிய நம்பிக்கைகளில் சில, நேரத்தை மட்டும் வீணாக்குபவை. சில, இந்தக் கோப்புகளுக்கே உலை வைப்பவை. அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை: “ஃபார்மட் போட்டால் எந்தக் கோளாறும் தீரும்.”

மென்பொருள் கெட்டிருந்தால் தீரும். வைரஸ் ஆழமாகப் புகுந்துவிட்டது, விண்டோஸின் சொந்தக் கோப்புகளே சிதைந்துவிட்டன என்றால் புதிதாக நிறுவுவது நல்ல வழிதான். ஆனால் ரேம் பழுது, சூடேறும் பிராசசர், தள்ளாடும் மின்வழங்கி (எஸ்.எம்.பி.எஸ்.) போன்ற வன்பொருள் கோளாறுகளை ஃபார்மட் தொடக்கூட முடியாது. இரண்டு நாள் நன்றாக ஓடி, மூன்றாம் நாள் அதே நோய் திரும்புவது இதனால்தான். ஹார்ட் டிஸ்க்கே சாகும் தறுவாயில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். விண்டோஸை மீண்டும் நிறுவும்போது நடக்கும் ஓயாத எழுத்து வேலையே அதன் கடைசி மூச்சை வாங்கிவிடலாம். டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே கணினி திணறினாலோ முதலில் செய்ய வேண்டியது கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுப்பது. பிறகு ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மாற்றியே ஆக வேண்டும். ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்கும்.

ஃபார்மட் போடும்போது சி டிரைவில் உள்ளது எல்லாம் போகும். டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே இருக்கும் கோப்புகளும், டாக்குமென்ட்ஸும், டவுன்லோட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடைக் கணக்கை டேலியில் வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் பழைய ஆவணங்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, ஃபார்மட்டுக்குப் பிறகு ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது, வைரஸ் தின்றுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்துரு மட்டும் போயிருக்கிறது. அதை மறுபடி நிறுவினால் ஒவ்வொரு வரியும் தமிழில் திரும்பி வரும்.

விண்டோஸை அவசியம் புதிதாக நிறுவத்தான் வேண்டும் என்றால், செட்டிங்ஸில் ‘ரீசெட் திஸ் பிசி’ இருக்கிறது. அதில் சொந்தக் கோப்புகளை விட்டுவைத்து, புரோகிராம்களை மட்டும் நீக்கும் வழியும் உண்டு. புதிய லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பல விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோய், மதர்போர்டும் கெட்டுவிட்டால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் ஒரு படத்தைக்கூட மீட்க முடியாது. அந்தச் சாவியை இன்றே ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

நம்பிக்கை: “போட்டோ எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, பயமில்லை.”

இதைச் சொல்லாத வீடு குறைவு. இதுபோல மனத்தை உடைத்த நம்பிக்கையும் வேறில்லை. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சி, டி, இ எல்லாம் ஒரே டிஸ்க்கைப் பங்கு பிரித்தவை. ஒரே பீரோவின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் மாதிரி. பீரோவே எரிந்தால் எந்தத் தட்டில் வைத்தோம் என்பதில் என்ன இருக்கிறது? ஃபார்மட் போடும்போது டி டிரைவ் தப்பும், உண்மை. டிஸ்க் செத்தால் தப்பாது.

பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்புவதும் கூடாது. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு வீட்டுக்கும் பொருந்தும்: எதற்கும் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வீட்டுக்கு வெளியே. ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி மாதம் ஒருமுறை நகலெடுங்கள். முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர், கணினியில் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். முக்கியமானவற்றை இணையத்திலும் ஏற்றலாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். ஒத்திசைத்து வைத்திருக்கும் ஃபோல்டரில் ஒன்றை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செத்த டிஸ்க்கை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்ற பேச்சும் உலவுகிறது. வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோக்கும். மீட்பு நிபுணரிடம் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதும் போய்விடும்.

நம்பிக்கை: “தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிறேன். ரீஸ்டார்ட் எதற்கு?”

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதி முழுதாக மூடுவதில்லை. தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. மறுநாள் அதையே எடுத்து விரிக்கிறது. நேற்றைய குழப்பமும் அதோடு சேர்ந்து எழுந்து வரும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘அப் டைம்’ என்று ஒரு கணக்கு இருக்கும், பாருங்கள். தினமும் அணைக்கும் கணினியிலும் அது பல நாள்களைக் காட்டக்கூடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். சத்தம் வரவில்லை, வைஃபை கிடைக்கவில்லை போன்ற சில்லறைத் தொல்லைகளில் பல, ஒரு ரீஸ்டார்ட்டில் ஓடிவிடும். கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன் இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

நம்பிக்கை: “ரிஃப்ரெஷ், கிளீனர், டிஃப்ராக் எல்லாம் வேகத்தைக் கூட்டும்.”

டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ் என்று அடிக்கும் பழக்கம் நம் கைகளில் ஊறிவிட்டது. அது திரையில் உள்ள ஐகான்களை மறுபடி வரைகிறது, அவ்வளவுதான். தீங்கும் இல்லை, பயனும் இல்லை.

கிளீனர்கள் அப்படியல்ல. சும்மா கிடக்கும் ரேமில் விண்டோஸ் அண்மையில் பயன்படுத்தியவற்றைச் சேர்த்து வைத்திருக்கும், மறுபடி கேட்டால் சட்டென்று கொடுப்பதற்காக. ரேம் கிளீனர் அதைத் துடைத்துவிட்டால் எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்க வேண்டியிருக்கும், வேகம் குறையும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. 2017-இல் உலகமெங்கும் பெயர்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே தாக்குதல்காரர்கள் தீநிரலைப் புகுத்திவிட்டார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது போய்ச் சேர்ந்தது. தேவையில்லாத கோப்புகளை நீக்க விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள ‘ஸ்டோரேஜ்’ பகுதியே போதும்.

டிஃப்ராக் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்பட்டது. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டுகளின் மேல் ஒரு முனை அங்குமிங்கும் ஓடிப் படிக்கும்போது, சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்த்தால் பயனுண்டு. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. அங்கே டிஃப்ராக், எண்ணி வைத்த எழுத்துச் சுற்றுகளை வீணாக்கும். எது எந்த வகை டிஸ்க் என்று விண்டோஸுக்கே தெரியும். தேவையானதைத் தானாகச் செய்துகொள்ளும்.

நம்பிக்கை: “வயதாகிவிட்டது, புதிதுதான் வாங்க வேண்டும்.”

பிராசசர் வயதாவதால் மெதுவாவதில்லை. ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜி.பி. ரேமுமாக ஓடும் கணினியில் எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு, ரேமை 8 ஜி.பி. ஆக்கிப் பாருங்கள். பல நிமிடம் எடுத்துக்கொண்ட தொடக்கம் ஒரு நிமிடத்துக்குள் முடியும். நான் எல்லாருக்கும் முதலில் சொல்லும் செலவு இதுதான். அடுத்தது செலவே இல்லாதது: தூசி தட்டுவது. பிராசசர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புளோயரால் ஊதுங்கள். விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அது தாறுமாறாகச் சுழன்றால் கெடும். வாயால் ஊதினால் எச்சில் போய் ஒட்டும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதனால் அந்தக் கணினிகள் நின்றுவிடவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நின்றது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அவை தொடரும். விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியில் லினக்ஸ் நிறுவினால் இணையம், மின்னஞ்சல், எழுத்து வேலைகள் நன்றாகவே நடக்கும்.

ரேமை ரப்பரால் தேய்த்தால் கணினி எழும் என்பதைப் படித்தவர்கள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ரேமின் தங்க முலாம் பூசிய பற்களில் அழுக்கும் ஈரப்பசையும் படிந்து தொடர்பு விட்டுப்போகும். கடலோர ஊர்களில் இது அதிகம். மெல்லிய வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, நன்றாக அழுத்திப் பொருத்தினால் பல முறை உயிர் வந்துவிடுகிறது. கரடுமுரடான ரப்பர் முலாமையே உரித்துவிடும். உள்ளே கை வைக்குமுன் கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

அதே கேபினெட்டைச் சாதாரணமாகத் தொடும்போது ஜிவ்வென்று சிலிர்த்தால், பெரும்பாலும் குற்றம் வீட்டின் எர்த்தில்தான் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் வடிகட்டி கொஞ்சம் மின்சாரத்தை எர்த் கம்பி வழியாக வெளியே விடும்படி அமைந்தது. எர்த் இல்லையென்றால் அது கேபினெட்டின் உடம்பிலேயே தங்கும். யூ.பி.எஸ். வாங்கினாலும் இது தீராது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகுவதை நிறுத்துங்கள்.

கரண்ட் போய் வந்ததும் எல்லா இணையதளமும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று மிரட்டுகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் சான்றிதழ்களுக்குக் காலக் கெடு உண்டு என்பதால், தேதி தவறினால் பிரௌசர் எதையும் நம்பாது. மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் முடிந்தது. இதை வைரஸ் என்று யாராவது சொன்னால், நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: “நீலத் திரை வந்தால் வைரஸ்.”

டிரைவர் கோளாறு, ரேம் பழுது, தவறான அப்டேட் ஆகியவைதான் அநேகமாகக் காரணம். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலமாயின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு அப்டேட். நீலத் திரை வந்தால் அதிலுள்ள குறியீட்டை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பழுது பார்ப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டிய திரை வேறு. பிரௌசரில் திடீரென்று சைரன் ஒலிக்க, “உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்” என்று மைக்ரோசாஃப்ட் பெயரில் வருவது. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. இப்படி ஆள்மாறாட்டம் செய்த கால் சென்டர்கள் மீது 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் நாடு முழுவதும் சோதனை நடத்தியது. அப்படியொரு திரை வந்தால், எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியே வாருங்கள். முடியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை மூடுங்கள். யார் சொன்னாலும் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவாதீர்கள். வீட்டில் தனியாகக் கணினி பயன்படுத்தும் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஒருவேளை பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். இணையக் கம்பியை எடுத்துவிட்டு, உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.